மினிபைக்கின் மையவிலக்கு கிளட்ச்சை டார்க் கன்வர்ட்டராக மாற்றுவது: மலைப்பாதைக்கான கணக்கும் வேலையும்

கேட்கப்பட்ட கேள்வி இது. கோல்மன் சிடி200யு வகையைச் சேர்ந்த 196 சி.சி. மினிபைக் ஒன்றை வட கரோலினாவின் காட்டுப் பாதைகளில் ஒருவர் ஓட்டுகிறார். சமதளத்தில் வண்டிக்குக் குறை எதுவும் இல்லை. ஏற்றம் வந்தவுடன் எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி ஏற மறுக்கிறது, கிளட்ச்சிலிருந்து கருகல் நாற்றம் எழுகிறது. புதிய கிளட்ச் வாங்கிப் போட்டும் பார்த்துவிட்டார். அதுவும் சில வாரங்களில் சூட்டால் நீலம் பாய்ந்து பழையதன் கதிக்கே வந்துவிட்டது. டார்க் கன்வர்ட்டர் (பெல்ட்டால் இயங்கும் தானியங்கி கியர்) பொருத்தினால் சரியாகுமா, எதை வாங்குவது, பின்சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டுமா என்பவை அவருடைய ஐயங்கள்.

சரியாகும். ஆனால் ஸ்ப்ராக்கெட்டின் பற்களைக் கணக்கிடாமல் கன்வர்ட்டரை மட்டும் வாங்கி மாட்டினால், இன்றைக்குக் கிளட்ச்சில் கருகுவது நாளைக்குப் பெல்ட்டில் கருகும். விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை என்பதால், பொருத்தும் முறைக்கு முன்பாகக் கணக்கையே விரிவாக எழுதுகிறேன்.

இப்போது வண்டியில் இருப்பது மையவிலக்கு கிளட்ச். எஞ்சினின் ஷாஃப்ட் முனையில் இரண்டு மூன்று கட்டைகள் ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றை எட்டும்போது அவை வெளிப்புறம் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கும். டிரம்முடன் சேர்ந்த சிறிய ஸ்ப்ராக்கெட் செயினை இழுக்கும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. அதிலும் ஒரே கியர்தான், கிளட்ச் பிடிப்பதும் விடுவதும் எஞ்சின் வேகத்தைப் பொறுத்தே. இந்த அமைப்பின் எளிமை பாராட்டுக்குரியது. ஆனால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரே ஒரு விகிதம்தான் இருக்கிறது என்பதும், அந்த ஒரு விகிதத்தில் கிளட்ச் முழுமையாகப் பிடிக்கும் வேகத்துக்குக் கீழே வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்பதும் இதன் மறுபக்கம்.

இதை எண்களில் வைத்துப் பார்ப்போம். 19 அங்குல உயரமுள்ள டயர் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.5 மீட்டர் நகரும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான மொத்தக் குறைப்பு 8க்கு 1, அதாவது எஞ்சின் எட்டு முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் வண்டியில் எவ்வளவு என்பதைப் பற்களை எண்ணித்தான் அறிய வேண்டும், ஒரே பெயரில் வரும் வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு இது மாறக்கூடும்.) எஞ்சின் 2,000 சுற்றில் கிளட்ச் பிடித்தால், அப்போது வண்டியின் வேகம் மணிக்கு சுமார் 22 கி.மீ. ஆக இருக்க வேண்டும். வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில் யாரும் 22 கி.மீ. வேகத்தில் போவதில்லை, 8 கி.மீ., 10 கி.மீ., மிஞ்சினால் 15 கி.மீ. அப்படியானால் அந்த ஏற்றம் முழுவதையும் கிளட்ச் வழுக்கியபடியே கடக்கிறது என்று பொருள்.

வழுக்கினால் என்ன ஆகும்? 10 கி.மீ. வேகத்தில் டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 880 சுற்று சுற்றும். ஆக்சிலேட்டர் முழுதும் திறந்த எஞ்சினோ 2,200 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டில், 12 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்குவிசை கடத்தப்படும்போது, ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாக மாறுகிறது. அதாவது ஒரு மின்கெண்டி இழுக்கும் அத்தனை திறனும் உள்ளங்கை அகலமே உள்ள ஒரு டிரம்முக்குள் இறங்குகிறது. எஞ்சின் தருவதில் பாதிக்கும் மேல் இப்படிப் போய்விடுகிறது. வழுக்கும் கிளட்ச்சும் எஞ்சினின் முறுக்குவிசையைக் கடத்தத்தான் செய்கிறது, அதனால்தான் தொடக்கத்தில் வண்டி சற்று ஏறுகிறது. சூடேறியதும் கட்டைகளின் பிடிப்பு குறைந்து, இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. நண்பரின் புதிய கிளட்ச் கெட்டதற்குக் காரணம் அதன் தரம் அல்ல. எவ்வளவு உயர்ந்த கிளட்ச்சைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

கிளட்ச்சை வைத்துக்கொண்டே பெரிய பின் ஸ்ப்ராக்கெட் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குப் போதும், செலவும் குறைவு. ஆனால் கிளட்ச் 12 கி.மீ. வேகத்திலேயே முழுமையாகப் பிடிக்க வேண்டுமென்றால் மொத்தக் குறைப்பு 15க்கு 1 என்ற அளவை எட்ட வேண்டும். அப்போது கவர்னர் (எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் பாகம்) அனுமதிக்கும் 3,600 சுற்றில் வண்டியின் உச்ச வேகம் சுமார் 22 கி.மீ.தான். வீட்டுத் தோட்டத்துக்குள் சிறுவர்கள் ஓட்டும் வண்டிக்கு அது நல்ல ஏற்பாடே. ஏற்றத்தைக் கடந்த பிறகு நீண்ட சமதளப் பாதையும் இருக்கும் இடத்தில் அது சலிப்பூட்டும், எஞ்சினும் ஓயாமல் அலறிக்கொண்டிருக்கும்.

டார்க் கன்வர்ட்டர் என்று மினிபைக் உலகில் விற்கப்படுவது கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் எண்ணெயால் இயங்கும் சாதனம் அல்ல. அது பெல்ட்டாலும் விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளாலும் ஆன தொடர்மாறு கியர். ஸ்கூட்டி, ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. கலிபோர்னியாவின் சால்ஸ்பரி நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலேயே தன் மோட்டார் கிளைடு ஸ்கூட்டரில் இதைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் காருக்குள் வைத்தது. அமெரிக்க மினிபைக்குகளின் பொற்காலத்தில் ஓஹாயோவின் ரப் நிறுவனம் தன் வண்டிகளில் இதைப் பொருத்தி விற்றது. இன்று கிடைக்கும் பெரும்பாலான கிட்டுகள், இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் இயங்கிய காமெட் நிறுவனத்தின் 30 வரிசை வடிவத்தைப் பின்பற்றியவையே.

ஸ்கூட்டரிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. கோளாறு கண்டுபிடிக்க அது தெரிந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே சுற்றும், கிளட்ச் தனியாகப் பின்பக்கம் இருக்கும். இங்கே தனிக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது முன் புல்லியின் இரு தட்டுகளும் விலகி நிற்க, பெல்ட் நடுவில் தளர்ந்து கிடக்கும். சுழற்சி 2,000ஐத் தாண்டும் அளவில் முன் புல்லிக்குள் உள்ள எடைகள் விரிந்து ஒரு தட்டை மற்றதை நோக்கித் தள்ள, பெல்ட் பிடிபட்டு இழுபடும். ஆகவே பெல்ட்டேதான் கிளட்ச். வேகம் கூடக் கூட முன் புல்லியில் பெல்ட் வெளி விளிம்பை நோக்கி ஏறும், பின் புல்லியில் உள்நோக்கி இறங்கும்.

மலைப்பாதைக்கு உண்மையில் உதவுவது பின் புல்லி. அதன் தட்டுகளை ஒரு ஸ்பிரிங் சேர்த்துப் பிடித்திருக்கும். அத்துடன் திருகுபோல் சாய்ந்த ஒரு தடமும் அதில் உண்டு. சக்கரத்தின் பக்கம் சுமை கூடும்போது அந்தச் சாய்வுத் தடம் தட்டுகளை மேலும் நெருக்கி, பெல்ட்டைப் பின் புல்லியின் விளிம்புக்குத் தள்ளும். அதாவது நீங்கள் எதையும் தொடாமலேயே வண்டி கீழ் கியருக்கு வந்துவிடும். ஏற்றத்தின் நடுவில் ஒரு பாறைப்படி குறுக்கிட்டால், எஞ்சின் திணறுவதற்குள் இது நடந்து முடிந்திருக்கும்.

30 வரிசையில் தொடக்க விகிதம் சுமார் 2.7க்கு 1, முழுதும் ஏறிய நிலையில் 0.9க்கு 1. இந்த விகிதங்களைச் செயினின் குறைப்போடு பெருக்க வேண்டும். கன்வர்ட்டரின் ஜாக் ஷாஃப்ட்டில் (பின் புல்லியையும் செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டையும் தாங்கும் தண்டு) 10 பல், சக்கரத்தில் 60 பல் என்றால் செயின் குறைப்பு 6. தொடக்கத்தில் மொத்தம் 16.2, உச்சத்தில் 5.4. பெல்ட் பிடிக்கும் 2,100 சுற்றில் வண்டியின் வேகம் 12 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 3,600 சுற்றில் கணக்குப்படி 60 கி.மீ. சக்கரத்தில் 72 பல் வைத்தால் தொடக்கக் குறைப்பு 19.4, பிடிக்கும் வேகம் 10 கி.மீ.க்கும் கீழே, உச்ச வேகம் 50 கி.மீ. காற்றின் எதிர்ப்பும் பெல்ட்டின் இழப்பும் இருப்பதால் இந்த உச்ச வேகங்கள் தாளில் உள்ளபடி கிடைக்காது. கீழ் வேகங்கள் மட்டும் நம்பத் தக்கவை, நமக்கு வேண்டியதும் அவையே.

இழுவிசையிலும் வேறுபாடு பெரிது. ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சின் 2,500 சுற்றில் 12.4 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதைப் பார்த்துச் செய்யப்பட்ட 196, 212 சி.சி. எஞ்சின்களும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கின்றன. 8க்கு 1 குறைப்பில் இது தரையில் சுமார் 410 நியூட்டன் உந்துவிசையாகிறது. 10க்கு 72 பல்லும் கன்வர்ட்டரும் சேர்ந்தால் அதே எஞ்சின் சுமார் 1,000 நியூட்டன் தருகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 140 கிலோ என்றால், முதலாவது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தள்ளுகிறது, இரண்டாவது முக்கால் பங்கை நெருங்குகிறது. இழப்புகளைக் கழித்தாலும், இனி ஏற்றத்தில் உங்களை நிறுத்தப்போவது எஞ்சின் அல்ல. டயரின் பிடிப்பு, அல்லது முன்சக்கரம் தூக்கிவிடுமோ என்ற அச்சம்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் 72 பல்தான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் அரை அங்குல இடைவெளியுள்ள 420 செயினுக்கான 72 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் 29 செ.மீ. 19 அங்குல டயரின் அச்சு, காற்றைக் குறைத்து ஆள் ஏறிய நிலையில், தரையிலிருந்து 23 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். ஆக ஸ்ப்ராக்கெட்டின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே மிஞ்சுவது 9 செ.மீ.க்கும் குறைவு. பாறைகள் துருத்தும் பாதையில் அது அடிவாங்கும். வளைந்த ஸ்ப்ராக்கெட் செயினைக் கழற்றிவிடும். 60 பல் என்றால் சுமார் 11 செ.மீ. கிடைக்கும். மண்ணும் இலைச்சருகும் மிகுந்த பாதைக்கு 72, கல் மிகுந்த பாதைக்கு 60 என்பது என் கருத்து. வட கரோலினாவின் மலைப்பகுதியில் கல்லும் வேரும் கூடுதல் என்பதால் நண்பருக்கு 60இல் தொடங்கச் சொல்வேன். 3/8 அங்குல இடைவெளியுள்ள 35 எண் செயினுக்கு மாறினால் 72 பல்லும் சிறிய வட்டத்தில் அடங்கும் என்பது உண்மை. ஆனால் கன்வர்ட்டர் வந்த பிறகு செயினின் மீது விழும் இழுவை, அதே 10 பல் கிளட்ச்சில் இருந்ததைப்போல் 2.7 மடங்காகிறது என்பதை மறக்கக் கூடாது. சேறும் மணலும் அரைக்கும் இடத்தில் மெல்லிய செயினை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய 420 செயினையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

எதை வாங்குவது என்பதற்கு முதலில் எஞ்சின் ஷாஃப்ட்டை அளக்க வேண்டும். 196, 212 சி.சி. எஞ்சின்களில் அது பொதுவாக 3/4 அங்குலம், அதாவது 19.05 மி.மீ.; கீ (புல்லி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும்படி பூட்டும் சிறு இரும்புத் துண்டு) 3/16 அங்குலம்; முனையில் 5/16 அங்குல நுண்மரை போல்ட். 98 சி.சி. கொண்ட சிறிய கோல்மனில் ஷாஃப்ட் 5/8 அங்குலமே. ஒரு அங்குல ஷாஃப்ட் உள்ள பெரிய எஞ்சின்களுக்கு 40 வரிசை இருக்கிறது. நம் வண்டிக்கு அது வீண் எடை. 20 வரிசை என்று மற்றொன்றும் கிடைக்கிறது. அதன் பெல்ட் இருபுறமும் ஒரே சாய்வு கொண்டது. 30 வரிசையின் பெல்ட் ஒருபுறம் நேராகவும் மறுபுறம் சாய்வாகவும் இருக்கும். இவ்விரண்டையும் மாற்றி வாங்கினால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பின்பலகை (எஞ்சினோடு சேர்த்துக் கன்வர்ட்டரைத் தாங்கும் தட்டு), ஜாக் ஷாஃப்ட், இரு புல்லிகள், பெல்ட், மூடி எல்லாம் சேர்ந்த முழு கிட்டாக வாங்குவதே நல்லது. தனித்தனியாகச் சேர்த்தால் இரு புல்லிகளுக்கிடையே உள்ள தூரம் பெல்ட்டோடு ஒத்துவராமல் போகும். ஸ்ப்ராக்கெட் 40, 41, 420 ஆகிய செயின்களுக்கானதா, 35 எண்ணுக்கானதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் இடத்தையும் அளக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். கன்வர்ட்டரைப் போட்டபின் செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட், எஞ்சின் ஷாஃப்ட்டிலிருந்து பின்னோக்கி நகர்ந்து, பின்பலகைக்கும் எஞ்சினுக்கும் இடையில் வந்து நிற்கும். அதனால் செயினின் கோடு உட்புறமாக மாறும். 7 அங்குல அகல டயரின் பக்கச்சுவரை அது உரசக்கூடும். எஞ்சினைப் பக்கவாட்டில் நகர்த்த அடித்தட்டில் நீள்துளைகள் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் இடைத்தட்டு ஒன்று செய்ய வேண்டியிருக்கும். மூடியின் வெளிவிளிம்பு இடது கால்மிதிக்கு அருகே வரும் என்பதால், அமர்ந்து காலை வைத்துப் பார்க்காமல் துளை எதையும் போடாதீர்கள். பின்பலகையைக் கிடையாக வைக்க இடமில்லையென்றால், பின் புல்லி சற்று மேலே வருமாறு சாய்த்தும் பொருத்தலாம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளிக்கும் அது நல்லது.

வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கிளட்ச்சின் போல்ட் கழலாமல் ஷாஃப்ட் கூடவே சுற்றினால், பிஸ்டன் அழுத்தவீச்சில் மேலேறி வரும் நிலையில் பிளக் துளை வழியாகப் பருத்திக் கயிற்றை உள்ளே விட்டு, ஒரு முனையை வெளியே வைத்துக்கொண்டு திருப்பினால் பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும். அழுத்தவீச்சு என்று சொல்வதற்குக் காரணம், அப்போதுதான் இரு வால்வுகளும் மூடியிருக்கும், கயிறு சிக்காது. கிளட்ச் வெளியே வந்ததும் ஷாஃப்ட்டை நுண் உப்புத்தாளால் துடைத்து, பழைய கீயின் விளிம்புகள் நசுங்கியிருந்தால் புதியது போடுங்கள்.

பின்பலகை எஞ்சினின் பக்கமூடியில் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள நான்கு மரைத்துளைகளில் அமர்கிறது. அந்தத் துளைகளின் ஆழத்தைக் குச்சி விட்டு அளந்துவிட்டு அதற்கேற்ற நீள போல்ட்டைப் போடுங்கள். நீளமான போல்ட் அடியில் முட்டிய பிறகும் முறுக்கினால் அலுமினிய மூடி விரிசல் விடும். மரையில் திரவப் பூட்டுப் பசை இட வேண்டும். பிறகு ஜாக் ஷாஃப்ட், பேரிங், ஸ்ப்ராக்கெட், கீ. அதன்பின் முன் புல்லி. 30 வரிசையில் நேரான, அசையாத தட்டு எஞ்சின் பக்கம், சாய்வான, நகரும் தட்டு வெளிப்பக்கம். பெல்ட்டின் நேரான முகமும் எஞ்சின் பக்கமே இருக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டாலும் வண்டி ஓடும் என்பதுதான் ஆபத்து. ஓடும், ஆனால் பெல்ட் விளிம்பில் மட்டுமே பிடித்து விரைவில் தேய்ந்துவிடும்.

மாட்டுவதற்கு முன் தட்டுகளின் முகங்களில் உள்ள துருக்காப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். பெல்ட்டைச் சோப்புநீரில் கழுவி முழுதும் உலர விடுங்கள். முன் புல்லியின் உட்புஷ்ஷுக்கு உலர் உயவுப்பொருள் மட்டும் போதும். அங்கே கிரீஸ் பூசுபவர்கள் உண்டு. அது சூட்டில் உருகிச் சிதறிப் பெல்ட்டில் படியும், தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கடைசியாகச் செயினை வெட்டிச் சேர்த்து, இணைப்பு வளையத்தின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்குமாறு போட்டு, நேரான இரும்புப் பட்டை வைத்து இரு ஸ்ப்ராக்கெட்டுகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் சுமார் 12 மி.மீ. தொய்வு போதும். மூடியை மாட்டாமல் எஞ்சினை இயக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விரலையோ கால்சட்டையின் ஓரத்தையோ இழுத்துக்கொள்ள அந்தப் பெல்ட்டுக்கு ஒரு நொடி போதும் என்பதால் அந்த ஆசையை அடக்குங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு முதலில் பார்க்க வேண்டியது ஐட்லிங். ஜிஎக்ஸ்200 வகைக்கு அது 1,400 சுற்றளவில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பெல்ட் அரைகுறையாகப் பிடித்து வண்டி தானே ஊர்ந்துகொண்டிருக்கும். பலர் இதைக் கன்வர்ட்டரின் குறை என்று எண்ணி ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். முன் புல்லிக்கு இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் பெல்ட் இன்னும் உயர்ந்த சுழற்சியில் பிடிக்கும், புறப்பாடு துள்ளலாக இருக்கும் என்பது பந்தயக்காரர்களின் வழி. எஞ்சினைத் திருத்தி 5,000 சுற்றுக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு அது பொருந்தும். கவர்னர் 3,600இல் நிறுத்தும், 2,500இலேயே முறுக்குவிசை உச்சம் தொடும் எஞ்சினுக்கு, கிட்டோடு வரும் மென்மையான ஸ்பிரிங்தான் சரி. ஏதாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால் பின் புல்லியின் ஸ்பிரிங்கை அடுத்த துளைக்கு மாற்றி முறுக்கத்தைக் கூட்டலாம். வண்டி கீழ் விகிதத்தில் அதிக நேரம் நிற்கும், ஏற்றத்தில் விரைவாகக் கீழிறங்கும். கவர்னரைக் கழற்றிவிடுங்கள் என்ற அறிவுரையும் காதில் விழும். தொழிற்சாலையிலிருந்து வந்த இணைப்புத்தண்டும் வார்ப்பிரும்பு ஃபிளைவீலும் அந்த வேகத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. வெடித்த ஃபிளைவீல் ஓட்டுபவரின் காலுக்கு அருகில்தான் சிதறும். காட்டுப்பாதைக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

ஓட்டும் முறையும் சற்று மாற வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை இலேசாகத் திருகி வண்டியை அங்கேயே பிடித்து வைப்பது பெல்ட்டை ஒரே இடத்தில் தேய்க்கும். பிரேக்கைப் பிடியுங்கள், புறப்படும்போது தயங்காமல் திருகுங்கள். பின்சக்கரத்தைப் பூட்டி வண்டியைத் திடீரென்று நிறுத்தினால், பெல்ட் கீழ் விகிதத்துக்குத் திரும்ப நேரமின்றி மேல் விகிதத்திலேயே நின்றுவிடும். அடுத்த புறப்பாடு சோம்பலாக இருக்கும், பெல்ட்டும் வழுக்கும். அப்படி ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சிறிது தூரம் தள்ளினால் பெரும்பாலும் பெல்ட் தன் இடத்துக்கு வந்துவிடும்.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் கன்வர்ட்டர் எந்த உதவியும் செய்யாது. மெதுவாக இறங்கும்போது எஞ்சின் சுழற்சி குறைந்து பெல்ட் தளர்ந்துவிடும். அந்தக் கணத்திலிருந்து எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, வண்டி தன் போக்கில் உருளும். பல மினிபைக்குகளில் பின் பிரேக் ஒன்றுதான் இருக்கிறது. முன்பு ஏறமுடியாத மேட்டில் இனி ஏறிவிடுவீர்கள். ஏறிய மேட்டிலிருந்து இறங்கியும் ஆக வேண்டும். ஆகவே கன்வர்ட்டர் வாங்கும் பணத்தோடு பிரேக் கட்டைக்கும் கேபிளுக்கும், முடிந்தால் முன் பிரேக்குக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்வேன்.

நீர் இதன் பகை. ஓடையைக் கடக்கும்போது பெல்ட் நனைந்தால் சிறிது நேரம் பிடிப்பே இருக்காது. நின்று, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி எஞ்சினைச் சற்றுச் சுழற்றி உலர்த்திவிட்டுக் கிளம்புவதே வழி. மூடியை முழுவதுமாக அடைத்துவிட்டால் நீர் வராது என்று சிலர் சிலிகான் பூசுகிறார்கள். வெப்பம் வெளியேற வழியின்றிப் பெல்ட் அதைவிட விரைவாகக் கெடும். முழங்கால் ஆழ நீரும் களிச்சேறும் அன்றாடம் உள்ள இடமானால் கன்வர்ட்டரைவிடப் பெரிய பின் ஸ்ப்ராக்கெட்டும் மையவிலக்கு கிளட்ச்சுமே நிம்மதி.

முதல் ஓட்டம் முடிந்தவுடன் நான்கு பின்பலகை போல்ட்டுகளையும் ஸ்ப்ராக்கெட்டின் பூட்டுத் திருகையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்; ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அவற்றைத் தளர்த்தும். மூடிக்குள் கறுப்புத் தூள் இலேசாகப் படிந்திருப்பது இயல்பு, புதுப் பெல்ட் படியும்போது அது வரும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தூள் குவிந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை, அல்லது குறைப்பு இன்னும் போதவில்லை என்று கொள்ளலாம். பிந்தையதாக இருந்தால், தரையிலிருந்து உள்ள இடைவெளி இடம் கொடுக்கும் வரை 60இலிருந்து பற்களைக் கூட்டிச் செல்லுங்கள். அமெரிக்காவின் தேசிய வனங்களுக்குள் ஓட்டுவதாக இருந்தால் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பான் கட்டாயம். எஞ்சினைப் பக்கவாட்டில் நகர்த்தியதால் சைலன்சரின் இடமும் மாறியிருக்கும், அதன் சூடு புதிய மூடியின் பிளாஸ்டிக்கில் படுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.